பூச்சி போன திசை

மச்சான் இறந்து நான்கு மாதம் கழித்து, அவன் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து அவன் மனைவிக்குத் தொலைபேசி வந்தது. பதினெட்டு வருடம் அவன் எக்ஸ்ரே எடுத்த அறைக்கு வெளியே, நோயாளிகள் காத்திருக்கும் நடைபாதையில், அவனுடைய பட்டாம்பூச்சிப் படம் ஒன்றைப் பெரிதாக்கி மாட்டப்போகிறார்களாம். எந்தப் படம் என்று வீட்டிலேயே முடிவு செய்து திங்கட்கிழமைக்குள் அனுப்பச் சொன்னார்கள். நாலாயிரத்துச் சொச்சம் படங்களில் அவள் தேடவே இல்லை. நேராக ஒன்றைத் திறந்து என்னிடம் காட்டினாள். அடர்நீலச் சிறகு, குறுக்கே ஆரஞ்சுப் பட்டை, இரண்டு பக்கமும் ஒரே அளவாக விரிந்திருந்தது.

"கடைசி நாளெல்லாம் இதைத்தான்ணா பாத்துக்கிட்டே இருந்தாரு. நீங்க எடுத்ததா இருந்தா என்ன, அவருக்காக எடுத்ததுதானே. இதையே குடுத்துடலாமா?"

"குடுத்துடலாம்மா" என்றேன்.

என் வாய் அப்படி. இருபத்தாறு வருடமாக ஊர்க் குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும், "ஆள் கிளம்பியாச்சுங்க, வந்துக்கிட்டே இருக்காங்க" என்பதுதான் என் வேலை. ஆள் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. பல நாள் ஆளுக்கே தெரியாது.

அந்தப் படத்தில் இருப்பது ஒரு பிணம். அதைக் கொன்று, சிறகை விரித்து, இலையில் ஒட்டிப் படம் எடுத்தவன் நான். அதை அவளிடம் சொல்ல எனக்குத் திங்கட்கிழமை வரை நேரம் இருந்தது.

மச்சான் என் மனைவியின் தம்பி. என்னைவிட ஆறு வயது இளையவன். குள்ளம், ஒல்லி, எப்போதும் நுனிக்காலில் நடப்பவன். மருத்துவமனையில் அவனை 'மூச்சு சார்' என்பார்கள். நாள் முழுக்க, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் வந்த பெயர். ஜன்னல் இல்லாத அறை. கதிர் வெளியே போகாமலிருக்கச் சுவருக்குள் ஈயத் தகடு. காலையில் உள்ளே போனால் வெளியில் மழையா வெயிலா என்று நோயாளியின் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வானாம்.

அந்த அறைக்குள் ஒரு நாள் எப்படியோ ஒரு பட்டாம்பூச்சி வந்துவிட்டது. எக்ஸ்ரே படத்தை மாட்டிப் பார்க்கும் விளக்குப் பெட்டியின் மேல், வெளிச்சத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. மச்சான் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான். தோள்பட்டை எலும்பு முறிந்த ஓர் ஆள் மேசையில் படுத்தபடி, "சார், நானும் இருக்கேன்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாராம். மூன்றாவது முறை மச்சான் அவரைப் பார்த்து, "அசையாதீங்க" என்றிருக்கிறான். அவரைச் சொன்னானா பூச்சியைச் சொன்னானா என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

அடுத்த மாதம் நல்ல கேமரா ஒன்று வாங்கினான். அவன் மனைவி செவிலியர். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஆகவே என் மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

"அவன் தனியா புதருக்குள்ள போறாங்க. பாம்பு கீம்பு இருக்கும். நீங்க துணைக்குப் போங்க."

"பாம்பு வந்தா நான் என்ன பண்றது?"

"நீங்கதான் மெதுவா ஓடுவீங்க. உங்களைக் கடிக்கிற நேரத்துல அவன் தப்பிச்சுப்பான்."

இப்படித்தான் நான் இயற்கையை நேசிக்கத் தொடங்கினேன்.

எனக்கு ஒரு தகுதி உண்டு. நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவன். இரண்டாம் வகுப்புதான், ஆனாலும் பட்டம் பட்டம்தானே. முதல் நாளே மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போனேன். குளக்கரையில் இருந்த ஒன்பது பட்டாம்பூச்சியும் ஒரே நேரத்தில் எழுந்து போயின. "மாமா, நீங்க டிராஃபிக் சிக்னல் மாதிரி இருக்கீங்க" என்றான் மச்சான். அவன் கேட்ட பூச்சிகளுக்கெல்லாம் நான் தயங்காமல் பெயர் சொன்னேன். அவனும் மரியாதையாக எழுதிக்கொண்டான். ஆறு மாதம் கழித்து ஒரு புத்தகம் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தபோது, நான் சொன்ன நாற்பத்திரண்டில் மூன்று சரி. அவற்றில் இரண்டு, பூச்சியே இல்லை. ஒன்று தவளை, ஒன்று மீன்கொத்தி.

என்னுடைய கண்டுபிடிப்புகளும் உண்டு. ஒரு முறை மஞ்சள் பூ ஒன்றின் மேல் ஒரு வெள்ளைப் பட்டாம்பூச்சி அசையாமல் உட்கார்ந்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். "எவ்வளவு பொறுமை பாரு, இதுதான் நல்ல பூச்சி" என்று சொல்லி, நாற்பது நிமிடம் விதவிதமாகப் படம் எடுக்க வைத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், பூவின் நிறத்திலேயே ஒரு மஞ்சள் சிலந்தி பூச்சியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பூச்சி செத்து வெகுநேரம் ஆகியிருந்தது. "உங்களுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கிறது இது ஒண்ணுதான் மாமா" என்றான். விலங்கியல் என்று இனி வெளியில் சொல்ல வேண்டாம் என்று என் மனைவியும் கேட்டுக்கொண்டாள்.

மச்சானின் முறை வேறு. கிட்டே போகும்போது தன் நிழல் பூச்சி மேல் விழக்கூடாது. பிடிக்கக்கூடாது, தொடக்கூடாது, கிளையை ஆட்டக்கூடாது. படம் எடுக்கும் நொடியில் மூச்சை அவனே இழுத்துப் பிடித்துக்கொள்வான். மற்றவர்களைச் சொல்லிச் சொல்லிப் பழகியதாலோ என்னவோ, அவனுக்கு அது நன்றாக வந்தது. எல்லாவற்றையும்விட ஒன்றுதான் என்னைப் படுத்தியது. படம் கிடைத்ததும் கிளம்ப மாட்டான். பூச்சி தானாகப் பறந்து போகும்வரை உட்கார்ந்திருப்பான்.

"அதான் கிடைச்சிடுச்சே, கிளம்பலாமே?"

"நாம அதோட வீட்டுக்கு வந்திருக்கோம் மாமா. அது இருக்கிறப்போ நாம எழுந்தா பயந்துதான் ஓடும். அது போகட்டும், அப்புறம் நாம போவோம்."

ஒரு முறை ஒரு பூச்சி மூன்று மணி நேரம் போகவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடம் எறும்புப் புற்று. அதையும் நான் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு படத்துக்கும் கணினியில் குறிப்பு எழுதுவான். இடம், நேரம், வெளிச்சம், எடுத்தவர். கடைசி வரி எப்போதும் 'போன திசை'. வடக்கு, தென்மேற்கு, மேலே, குளத்துக்கு அந்தப் பக்கம் என்று இருக்கும். எதற்கு இது என்று கேட்டால், "அது உயிரோட போச்சுங்கிறதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கணும்ல" என்பான். எக்ஸ்ரே அறையிலிருந்து வெளியே போகிறவர்கள் அதன் பிறகு எங்கே போகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்ததே இல்லை. அதனால்தானோ என்னவோ என்று நான் நினைத்தது பிறகுதான். அப்போது நான் எறும்பைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு ஒரே ஒரு பூச்சி மட்டும் அடங்கவில்லை. சிறகை மூடினால் காய்ந்த இலை. நரம்பு, காம்பு, அங்கங்கே பூஞ்சைப் புள்ளிகூட உண்டு. விரித்தால் உள்ளே நீலமும் ஆரஞ்சும். ஆனால் விரிக்காது. காலை வெயிலில் ஏதோ ஒரு சில நிமிடம் மட்டும், அதுவும் மனசு வந்தால். நாங்கள் அதற்குக் கஞ்சன் என்று பெயர் வைத்தோம். நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் உள்ள காட்டில் மூன்று வருடம் அதன் பின்னால் திரிந்தோம். மூடிய சிறகு நூற்றுக்கணக்கில் கிடைத்தது. விரித்ததை நான் மட்டும் ஒரே ஒரு முறை பார்த்தேன். அப்போது மச்சான் புதரில் குனிந்து நின்றான், நான் அவன் தோளைத் தட்டி, "டேய், அங்க பாரு" என்று கத்தினேன். கத்தினால் என்ன ஆகும் என்று விலங்கியல் படிக்காதவருக்கும் தெரியும்.

"பரவால்ல மாமா, நீங்களாவது பாத்தீங்களே" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த வருடம் அவனுக்கு இருமல் வந்தது. மாலை, வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, பக்கத்து அறையில் வேலை பார்க்கும் பெண்ணைப் பொத்தானை அழுத்தச் சொல்லித் தனக்கே ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டான். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி அவனே பார்த்திருக்கிறான். பார்த்ததைப் பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு காட்டுக்கு வந்தான், சாதாரணமாக இருந்தான், என் சட்டையைக் கேலி செய்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மனிதர்களையும் நான் சரியாக அடையாளம் காண்பதில்லை.

சிகிச்சை தொடங்கியதும் அவனால் குனிய முடியவில்லை, பிறகு நடக்க முடியவில்லை. ஒரு நாள் கட்டிலில் சாய்ந்தபடி கேமராவை என் பக்கம் நகர்த்தினான்.

"மாமா, கஞ்சன் ஒண்ணு பாக்கி இருக்கு."

"நானா? நான் எடுத்தா அது வருமாடா?"

"வராது. இருந்தாலும் போய்ட்டு வாங்க. வீட்ல உங்களைப் பாத்துக்கிட்டே இருக்கிறதுக்கு அது பரவால்ல."

ஏழு ஞாயிற்றுக்கிழமை போனேன். அழுகின பழத்துக்குக் கஞ்சன் வரும் என்பதால், ஒரு டப்பா நிறையப் பழத்தை அழுக வைத்து எடுத்துப் போவேன். பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார்வதில்லை. நான் எடுத்து வந்ததையெல்லாம் அவன் ஒவ்வொன்றாகப் பார்ப்பான்.

"இது என்ன மாமா?"

"இப்பத்தான் அந்த இலையில இருந்துச்சு."

"இது?"

"இதுலயும்தான்."

"பூச்சி போன பிறகு இலையை எடுக்கிறதுல உங்களை மிஞ்ச ஆள் இல்ல. இந்தக் கட்டைவிரல் நல்லா வந்திருக்கு. ரேகைகூடத் தெரியுது."

சிரித்தால் இருமுவான். இருமினால் அவன் மனைவி உள்ளே வந்து என்னைப் பார்ப்பாள். ஏழாவது வாரம் அவன் படங்களைப் பார்க்கும்போதே தூங்கிப்போனான். அன்று அவள் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பி, "டாக்டர் ரொம்ப நாள் சொல்லலைண்ணா" என்றாள்.

பூச்சியைக் குளிர வைத்தால் கொஞ்ச நேரம் அசையாது, அந்த நேரத்தில் படம் எடுத்துவிடலாம் என்று எங்கோ படித்திருக்கிறேன். மச்சான் அப்படி எடுப்பவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் முகம் சுளிப்பான். ஆனால் அவனுக்குத் தெரிந்தால்தானே என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அழுகிய பழச்சாற்றைக் குடித்துவிட்டு மயங்கினாற்போல உட்கார்ந்திருந்த ஒரு கஞ்சனை டப்பாவால் மூடினேன். அவ்வளவு சுலபம். இத்தனை வருடத்தில் நான் ஒரு பட்டாம்பூச்சியிடம் வெற்றி பெற்றது அதுதான் முதல் முறை.

வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியில் வைத்தேன். கீழ்த்தட்டில் வைத்தால் நேரமாகும் என்று பனிக்கட்டி உறையும் மேல்தட்டில் வைத்தேன். இது படித்தவன் புத்தி. பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்று பால்கனியில் நல்ல இலை தேடப் போனேன். அதற்குள் அலுவலகத்திலிருந்து அழைப்பு. எங்கோ குழாய் உடைந்து தெருவில் தண்ணீர் ஓடுகிறதாம். "ஆள் கிளம்பியாச்சுங்க" என்று வேறு வேறு ஆட்களிடம் ஒன்றேகால் மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க, ஐஸ் பெட்டியில காஞ்ச இலை எதுக்கு வச்சிருக்கீங்க?"

"அது இலை இல்ல."

அவள் டப்பாவைத் திறந்து உற்றுப் பார்த்தாள். பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மூடி, என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். முப்பது வருடத்தில் அவள் ஒன்றும் சொல்லாதது அது இரண்டாவது முறை.

வெயிலில் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தேன். சாயங்காலம்வரை பார்த்தேன்.

கல்லூரியில் எனக்கு நன்றாக வந்த செய்முறை ஒன்றே ஒன்று. செத்த பூச்சியின் சிறகை விரித்து, காகிதப் பட்டையால் அழுத்தி, காட்சிப்பெட்டிக்குத் தயார் செய்வது. அதில் நான் வகுப்பில் முதல். மனைவியின் புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்தேன். கை நடுங்கவே இல்லை. மறுநாள் காலை காகிதப் பட்டைகளை எடுத்துவிட்டு, இலையில் ஒரு சொட்டுப் பசை வைத்து உட்காரவைத்து, பால்கனி வெயிலில் ஒரே ஒரு படம் எடுத்தேன். விரல் விழவில்லை, ஆடவில்லை. என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அது.

மச்சான் அதை வாங்கிப் பெரிதாக்கினான். சிறகின் ஓரத்திலிருந்து தொடங்கி, காலுக்கு வந்தான். காலில் கொஞ்ச நேரம் அவன் பார்வை நின்றது. எத்தனை ஆயிரம் எலும்பை அப்படிப் பார்த்திருப்பான்.

"எங்க எடுத்தீங்க?"

"நீரேற்று நிலையத்துக்குப் பின்னால."

"எத்தனை மணிக்கு?"

"ஏழே முக்கால் இருக்கும்."

"போச்சா?"

"போச்சு."

"எந்தப் பக்கம்?"

காலையில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்த திசை ஒன்றுதான். "கிழக்கே" என்றேன். வெயில் முகத்தில் அடிக்கிற பக்கமாக எந்தப் பூச்சி போகும் என்று அவன் கேட்கவில்லை.

"சரி மாமா" என்றான். "இனிமே போக வேணாம். உங்க முட்டிக்கு ஆகாது."

பத்தொன்பது நாள் கழித்துப் போய்விட்டான். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அந்தப் படத்தைத்தான் அவன் மனைவி இப்போது தேர்ந்தெடுத்திருந்தாள். படத்துக்குக் கீழே எங்கே, எப்போது எடுத்தது என்று இரண்டு வரி வேண்டுமாம். "அவரு எழுதி வச்சிருப்பாரே, பாத்துச் சொல்லுங்கண்ணா" என்றாள். சனிக்கிழமை பிற்பகல் அவன் மேசையில் உட்கார்ந்தேன். எதையும் சொல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. கஞ்சனின் குறிப்பைத் திறந்தேன்.

'எடுத்தவர்: மாமா. இடம்: மாமா சொல்படி, நீரேற்று நிலையத்துக்குப் பின்னால். நேரம்: மாமா சொல்படி, காலை 7.45. போன திசை: மாமா சொல்படி, கிழக்கு.'

மற்ற குறிப்புகளைத் திறந்து திறந்து பார்த்தேன். நான் எடுத்த வெறும் இலைகளுக்குக்கூட எழுதி வைத்திருந்தான். அவற்றில் 'போன திசை: மாமாவைக் கண்டதும் எல்லாத் திசையும்' என்று இருந்ததே தவிர, 'சொல்படி' என்ற வார்த்தை எங்குமே இல்லை. இந்த ஒன்றில்தான். பொய்யை எழுதவும் அவனுக்கு மனம் வரவில்லை, என்னைப் பொய்யன் என்று எழுதவும் வரவில்லை.

"ஏம்மா, இங்க வா" என்று கூப்பிட்டேன். "இந்தப் படம் வேணாம்."

"ஏண்ணா, நல்லாத்தானே இருக்கு?"

"அது உயிரோட இல்ல. நான்தான் கொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, ஐஸ் தட்டு, இடுக்கி, பசை. துவைத்த துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"ஐஸ் பெட்டி வரைக்கும் தெரியும்."

"அவருக்கு?"

திரையை அவள் பக்கம் திருப்பினேன். படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"தினம் இதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் பூச்சியைப் பாக்குறாருன்னு நினைச்சேன்" என்றாள். "அவரு உங்களைத்தான் எக்ஸ்ரே எடுத்துக்கிட்டு இருந்திருக்காரு."

நான் குறிப்பை மூடினேன்.

"கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்லண்ணா. அவருகிட்டயாவது."

"சொல்லியிருக்கலாம்."

துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டுக்குப் போய்த் தேநீர் குடிக்காமல் நான் திரும்பியது அன்றுதான். ஞாயிறு முழுக்கத் தொலைபேசி வரவில்லை. என் மனைவி காரணம் கேட்டாள், அவளிடமும் மீதியைச் சொன்னேன். "என் இடுக்கியாலயா?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை மச்சான் மனைவி கூப்பிட்டாள். குரலில் இன்னும் கோபம் இருந்தது. "அவரு எடுத்தது ஒண்ணு அனுப்பிட்டேன். கஞ்சன் மூடி இருக்கிறது. கீழ அவரு எழுதினதை அப்படியே போடச் சொல்லிட்டேன். புதன்கிழமை மாட்டுறாங்க. நீங்களும் வந்துடுங்கண்ணா."

மூன்றடி அகலத்துக்கு ஒரு காய்ந்த இலையை நடைபாதையில் மாட்டியிருந்தார்கள். மருத்துவமனை மேலாளர் இரண்டு முறை கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "அருமை" என்று சொல்லிப் போனார். அவருக்குப் பூச்சி தெரியவில்லை என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது. மச்சான் மனைவி பணிக்குப் போன பிறகும் நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கையில் கட்டுப் போட்ட ஒரு பெரியவர் படத்துக்குக் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"இதுல 'போன திசை தெற்கு'ன்னு போட்டிருக்கே, என்ன தம்பி போச்சு? இலையா?"

"பட்டாம்பூச்சிங்க. இலை மாதிரி உட்கார்ந்திருக்கு."

அவர் எழுந்து போய், மூக்கு படுகிற தூரத்தில் நின்று பார்த்தார். வெகுநேரம் கழித்து, "ஆமா, மீசை இருக்கு" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்து, நடைபாதையின் இரண்டு முனையையும் பார்த்தார்.

"இங்கேருந்து தெற்கு எந்தப் பக்கம்?"

'இந்தப் பக்கம்' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஜன்னல் இல்லாத இடம், வெயிலும் இல்லை.

"தெரியலைங்க" என்றேன்.